விரலால் ஒரு சுற்று

என் தம்பிக்கு அவன் கடையில் வைத்த பெயர் கிளிக்கு. கார்களுக்குச் சக்கரமும் டயரும் மாற்றிக் கொடுக்கும் கடையில் அவன் பிட்டர். சக்கரத்தின் நட்டுகளை முறுக்கி முடிப்பதற்கு நீளக் கைப்பிடி கொண்ட டார்க் ஸ்பேனர் என்று ஒரு கருவி இருக்கிறது. தேவையான இறுக்கம் வந்ததும் அதற்குள்ளிருந்து ‘கிளிக்’ என்று சத்தம் வரும். மற்ற பிட்டர்கள், கடையில் கன் என்று சொல்லும் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளைத் தடதடவென்று ஏற்றிவிட்டு வண்டியைக் கீழே இறக்கிவிடுவார்கள். இவன் ஒவ்வொரு நட்டிலும் அந்தச் சத்தம் கேட்காமல் வண்டியை நகர விடமாட்டான். சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூடக் கிளிக் கேட்கும்வரை திருகுகிறவன் என்று கடையில் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டே அடுத்த நட்டுக்குப் போவான்.

கிளிக் சத்தம் கடைசி வேலை. முதல் வேலை விரல். புதுச் சக்கரமோ பழையதோ, மாட்டுவதற்கு முன் அதன் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சுற்று ஓட்டுவான். மயிரிழை வெடிப்பு, சின்ன மேடு, ஒட்டிக்கொண்ட மணல் எல்லாம் அந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும். அது எப்படி என்று எனக்கும் தெரியும். நான் துணி தைக்கும் கம்பெனியில் செக்கர். தையலுக்கு உள்ளே நூல் இரட்டித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு இடறும். நான் எட்டாவதோடு நின்றேன், அவன் பத்தாவதைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் விரல்தான் படிப்பு. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். குடும்பம் என்று எங்கள் இருவருக்குமே அமையவில்லை.

அந்த விரல்கள்தான் முதலில் போயின.

அதிரும் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்து வந்த கோளாறு அது. குளிர்ந்த காலைகளில் அவனுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து மெழுகுபோல வெளுக்கும். ரத்தம் திரும்பும்போது எரியும். வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் குளிர் இல்லாத நாளிலும் வெளுத்தன. அதற்கும் அப்புறம் வெளுக்காமலே மரத்துப்போயின. பையில் சாவியைத் துழாவினால், கையை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் சாவி வந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்துக்கொண்டு என்னோடு பேசியபடி நின்றான். தோல் கருகும் வாடை வந்து நான்தான் பிடுங்கி வைத்தேன். அவன் தன் கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். போனால் கன்னைத் தொடாதே என்பார்கள், கன்னைத் தொடாத பிட்டரை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார் என்று கேட்டான்.  கடையில் யாருக்கும் தெரியாமலிருக்க அவன் கையுறை போட ஆரம்பித்தான். மாப்பிள்ளைக்குக் கை கறுத்துவிடும்போல என்று அதற்கும் ஒரு கேலி வந்தது. விரல் வேலையைக் கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் மாற்றிக்கொள்ளப் பழகினான். பெரும்பாலும் தப்பித்துக்கொண்டே வந்தான்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கடையின் முன்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டினார். மின்சார வண்டிகள் பெருகிவிட்டன. அவற்றுக்குச் சக்கரமும் டயரும் தேர்ந்தெடுப்பது மற்ற வண்டிகளுக்குத் தேர்ந்தெடுப்பது போலல்ல. வாங்க வருகிறவரோடு உட்கார்ந்து, வண்டிக்கு எது ஒத்துவரும், எது வராது என்று பேச ஓர் ஆள் வேண்டும். அந்த நாற்காலி யாருக்கு என்று கடை முழுக்கப் பேச்சு. முதலாளி என் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்:

“அந்தப் பல் டாக்டரம்மா வண்டியை முடிச்சுக் குடு. அதைக் காட்டித்தான் இந்த ரூமைத் திறக்கப் போறேன். திறந்ததும் நீ உள்ள உக்காந்துக்கோ. அப்புறம் கன்னைத் தொட வேணாம்.”

அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது. தெரியாமலே என் தம்பிக்கு வேண்டிய ஒரே வழியைத் திறந்துவிட்டார். அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்து அந்த வார்த்தைகளை இரண்டு தடவை அப்படியே சொல்லிக் காட்டினான். இன்னும் ஒரே ஒரு வண்டி, அக்கா, என்றான். அதுவரை இந்தக் கையை ஒப்பேற்றிவிட்டால் போதும்.

டாக்டரம்மாவின் வண்டி இரண்டு கதவு வைத்த மின்சார ஸ்போர்ட்ஸ் கார். தாழ்ந்த முதுகு, சாம்பல் நிறம். காலமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்தாகிவிட்டது, இனிக் கொஞ்சம் ரோட்டைப் பார்க்கலாம் என்றுதான் வாங்கினேன் என்று அவர் கடையில் சொல்லியிருக்கிறார். கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரம் அவருக்குப் பிடிக்கவில்லை. பாத்திரக்கடை மூடிபோல இருக்கிறதாம். போனில் ஒரு படம் காட்டினார். பெரிய கறுப்புச் சக்கரம், குச்சி குச்சியான ஆரங்கள், ரப்பரே இருக்கிறதா என்று தேடும்படி ஒட்டிய டயர்.

என் தம்பி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தானாம். அழகாகத்தான் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொண்டான். பிறகு கம்பெனிச் சக்கரம் ஒன்றைக் கழற்றித் திருப்பிக் காட்டினான். ஆரத்தின் பின்பக்கம் ஓர் எண் அச்சாகியிருக்கும். அந்தச் சக்கரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அது. மின்சார வண்டி பார்க்கத்தான் ஒல்லி. தரைக்கடியில் முழு நீளத்துக்கும் பேட்டரி படுத்திருக்கிறது. அவர் கேட்ட சக்கரத்தின் எண் கம்பெனி எண்ணைவிடக் குறைவு. குழியில் இறங்கினால் ஆரம் விரிசல் விடலாம். டயரின் பக்கவாட்டிலும் இப்படி ஒரு பார எண் உண்டு, அதுவும் குறையக்கூடாது. சக்கரம் ஒரு சுற்று சின்னதாக இருந்தால் டயருக்குத் தடித்த பக்கம் கிடைக்கும், அடி வாங்கினால் ரப்பர் வாங்கும், ரிம் வாங்காது.

அவரும் லேசில் விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டார். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் டயர் சத்தம்தான் காதைக் குடையும், உள்ளே பஞ்சுபோல நுரை ஒட்டிய டயர் இருக்கிறதாமே என்றார். என் தம்பி அதுவரை அப்படி ஒன்றைக் கையால் தொட்டதில்லை. விசாரித்து வரவழைத்தான். நன்றாகப் பிடிக்கும் மெத்தென்ற டயர் வேண்டும் என்று அவர் கேட்டபோது, பிடிப்பு கூடினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும், இந்த வண்டி இழுக்கும் இழுப்புக்கு டயரும் சீக்கிரம் வழுக்கையாகும் என்றான். எனக்கே வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது, டயருக்கு விழுந்தால் என்ன என்றாராம். கடைசியில் நடுத்தரமான ஒன்றில் இருவரும் ஒத்துப்போனார்கள். சக்கரம் ஒரு சுற்று சின்னது, அடித்துச் செய்த உலோகம், எடை குறைவு, பாரம் தாங்கும். நிறம் மட்டும் அவர் இஷ்டம், கறுப்பு. பிரேக்கில் உரசுமா என்று பார்க்க, மாதிரிச் சக்கரத்தின் ஆரங்களுக்குப் பின்னால் களிமண் உருண்டைகளை ஒட்டி மாட்டிச் சுழற்றிப் பார்த்தான். ஓர் உருண்டைகூட நசுங்கவில்லை. இதையெல்லாம் சாப்பிடும்போது எனக்குச் சொல்லுவான். டம்ளரை வண்டியாக வைத்து, தட்டைச் சக்கரமாக்கிக் காட்டுவான். வெகு காலத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அந்தக் களை இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம் இருந்தது. வெளியே வாங்கும் சக்கரங்களுக்கு நடு ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும், பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக. வண்டியின் அச்சு முனைக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போடுவார்கள். சக்கரத்தின் பின்பக்கம் அதை அழுத்திப் பொருத்தினால் அது சக்கரத்தோடு சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் துளி எழும்பி நின்றாலும், மாட்டும்போது சக்கரத்துக்கும் அது ஒட்டி உட்காரும் அச்சு முகத்துக்கும் நடுவில் வளையம் கடிபட்டுவிடும். அப்படிக் கடிபட்டால் ஸ்பேனர் கிளிக் என்று சொன்னாலும் அந்தக் கிளிக் பொய். வண்டி ஓட ஓட வளையம் நசுங்கும், இறுக்கம் போகும், நட்டு தளரும்.

என் தம்பி உலோக வளையம் கேட்டிருந்தான். அது வரத் தாமதமானது. சக்கரப் பெட்டிக்குள்ளேயே நீலப் பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தன. அதுவும் சரியான சாமான்தான், பலரும் போடுகிறதுதான். டாக்டரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போக வேண்டும் என்று அவசரப்பட்டார். இப்போதைக்கு நீலத்தைப் போடு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வருவார்களே, அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார் முதலாளி.

மாட்டும் வேலையை வேறு பிட்டருக்கு விட்டிருக்கலாம். ஆனால் டாக்டரம்மா, தேர்ந்தெடுத்தவரே மாட்டட்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளியும் பக்கத்தில் நின்றார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அவன் கையுறையைக் கழற்றி, வழக்கம்போல ஒவ்வொரு வளையத்திலும் விரலை ஒரு சுற்று ஓட்டினான். விரல் ஒன்றும் சொல்லவில்லை. குறை இல்லாததால் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டான். மாட்டினான், நட்டு அத்தனையும் கிளிக் என்றது, வண்டி சத்தமில்லாமல் வெளியேறியது. முதலாளி அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வாரவிடுமுறைக்கு முந்தின நாள். வாரா வாரம் அன்று கடை அடைக்கும்முன், வண்டியைத் தூக்கும் லிப்டின் அடிவரை தன் இடத்தைத் தானே கூட்டுவது அவன் பழக்கம். கூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றாமல், காகிதத்தில் மடித்திருந்த எதையோ மேஜைமேல் வைத்தான். நீல நிறத்தில் மெல்லிய சுருள். நான் தையல் நூல் என்று நினைத்தேன்.

“லிப்டுக்கு அடியில கிடந்தது, அக்கா. முன் வலது சக்கரம் இருந்த இடம்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அச்சு விளிம்பு அந்த வளையத்தைச் சீவியிருக்கிறது. சமமாக உட்கார்ந்த வளையத்தை எதுவும் சீவாது.

அவன் முதலில் முதலாளிக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சீவினது கொஞ்சம்தானே, இறுக்க வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது போன் பண்ணிப் பயமுறுத்தினால் அந்தம்மா ஊரெல்லாம் சொல்லும், நாளை கழித்து அறையைத் திறக்கிறேன் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் கெட்டவர் இல்லை. கிளிக்கு மாட்டியதில் தப்பு இருக்கும் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. இத்தனை வருஷம் அவன் சம்பாதித்த நல்ல பெயரே அன்று அவனுக்கு எதிராக நின்றது.

போனை வைத்துவிட்டு என் தம்பி சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் என்ன யோசிக்கிறான் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவைக் கூப்பிட்டால், எப்படித் தவறியது என்று கேட்பார். அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னால் கண்ணாடி அறையும் இல்லை, கடையும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவை இருக்காது என்று எனக்குத் தெரியும், அவனை வளர்த்தவள் நான்.

அவன் அந்தச் சுருளை மறுபடி மடித்துப் பையில் வைத்தான். பிறகு அவரைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். வண்டியை எடுக்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினான். அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

காலையில் அவருடைய கிளினிக்குக்குப் போனோம். பூட்டியிருந்தது. விடியும்போதே மகளோடு புதுச் சக்கர வண்டியில் கிளம்பிவிட்டார் என்று வாசல் கூட்டுகிறவர் சொன்னார். நல்ல வண்டிங்க, போறதே தெரியல என்றும் சொன்னார். என் தம்பி படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் ஒரு சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது, அதை ஏற்றிப் போகிறவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

போன் அங்கேயே வந்தது. ராத்திரி போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் எடுத்துப் பார்க்கவில்லை என்றார் டாக்டரம்மா. பிறகு, ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது, நானே உங்களைக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன், இன்னும் கொஞ்ச தூரம்தான், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடட்டுமா என்றார்.

“மேடம், எங்க இருக்கீங்களோ அங்கயே நிறுத்துங்க. ஓரமா. ஒரு அடிகூட நகர்த்தாதீங்க. நான் வர்றேன்.”

அவர் சாலையோரத்துச் சார்ஜ் நிலையம் ஒன்றில்தான் நின்றிருந்தார்.  இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருந்திருந்தால் நிறுத்தியிருக்கவே மாட்டார்.

கடையைக் காலையில் திறப்பவன் அவன்தான், சாவி அவனிடம் இருந்தது. ஜாக்கி, ஸ்பேனர், மாட்டிய மறுநாளே வந்து சேர்ந்து பெட்டியிலேயே கிடந்த உலோக வளையங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முதலாளிக்குச் செய்தி அனுப்பினான். என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், கால்களுக்கு நடுவே ஜாக்கி. அவன் பின்னால் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று தெரியாத கை, அவனை ஓட்டவிட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. 

டாக்டரம்மா வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் மகள் நடைமேட்டில் உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கால் செருப்பு மஞ்சள் நிறம். அது ஏனோ எனக்கு மறக்கவில்லை.

இந்த வண்டியை எங்கு வேண்டுமானாலும் ஜாக்கி வைத்துத் தூக்க முடியாது. கீழே பேட்டரி இருக்கிறது. அதற்கென்று உள்ள இடத்தில் ரப்பர் கட்டையை வைத்துத்தான் தூக்க வேண்டும். அவன் படுத்துப் பார்த்து வைத்தான். தூக்குவதற்கு முன்னால், முன் வலது சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை வைத்தான். கிளிக் வரவில்லை. சும்மா சுழன்றது. அடுத்ததும் அப்படியே. ஒரு நட்டை வெறும் கையாலேயே திருக முடிந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய் மகளின் தோளைத் தட்டி, தூரமாக உள்ள மரத்தடியில் உட்காரச் சொன்னார்.

சக்கரத்தைக் கழற்றினான். நீல வளையம் இரண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டு அச்சு முகத்தில் அப்பி நசுங்கியிருந்தது. அதைச் சுரண்டி, முகத்தைத் துடைத்து, சக்கரத்தை ஒரு துணிமேல் கவிழ்த்து வைத்து உலோக வளையத்தை அழுத்தினான். விரலை வைத்தான். ஒரு சுற்று ஓட்டினான். மறுபடி ஓட்டினான். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அக்கா, நீ தொட்டுப் பாரு.”

டாக்டரம்மா திரும்பினார். நான் மண்டியிட்டேன்.

“வளையமும் சக்கரமும் சேருற கோடு. அதுமேல ஓட்டு. கண்ணை மூடிக்கோ.”

கண்ணை மூடிக்கொண்டேன். குளிர்ந்த உலோகம், அதில் கோடு. வழவழவென்று போனது, போனது, ஓர் இடத்தில் இடறியது. மிகச் சின்ன இடறல். காலருக்குள் நூல் இரட்டித்தால் இருக்குமே, அவ்வளவுதான். இங்க நிக்குது என்றேன். அவன் ஒரு மரக்கட்டையை வைத்து அந்த இடத்தில் மெல்லத் தட்டினான். மறுபடி ஓட்டினேன். இப்போது இடறவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா இருக்கு என்றேன். நிஜமாவா என்றான். நிஜமா என்றேன்.

இவ்வளவு காலம் அவன் எதைத் தொட்டு வேலை செய்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது அவனுக்குப் போய்விட்டது என்பதும் அந்த இடறலில்தான் முழுதாக உறைத்தது. நான்கு சக்கரத்தையும் கழற்றி, நான்கிலும் வளையத்தை மாற்றி, நான்கிலும் நான் விரல் ஓட்டிய பிறகுதான் மாட்டினான். மற்ற மூன்றிலும் நீல வளையம் சரியாகவே உட்கார்ந்திருந்தது. எதிரெதிர் நட்டுகளாக முறுக்கினான். ஒவ்வொன்றும் கிளிக் என்றது. இந்தத் தடவை பொய் இல்லை.

டாக்டரம்மா அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தார்.

“ஏன் அவங்க தொட்டுப் பார்க்கணும்?”

அவன் கைகளை நீட்டினான். அவர் அதைப் பிடித்து, நகத்தை அழுத்தி விட்டார். ரத்தம் திரும்ப நேரமானது. தன் கொண்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து விரல் நுனியில் தொட்டார். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். குத்தியது அவனுக்குத் தெரியவில்லை.

“மாட்டும்போதே இப்படித்தானா?”

“ஆமா மேடம்.”

“என்கிட்ட சொல்லியிருந்தா வேற ஆளை மாட்டச் சொல்லியிருப்பேன்.”

“அதனாலதான் சொல்லல.”

அவர் ஊசியை மறுபடி கொண்டையில் செருகினார். பிறகு, என் வேலையிலும் விரல் போனால் போனதுதான், எனக்கு உங்க கஷ்டம் புரியுது என்றார். “ஆனா பக்கத்து சீட்டுல என் பொண்ணு இருந்தா. இதை நான் சொல்லாம இருக்க முடியாது.”

“சொல்லுங்க மேடம். நானும் சொல்லத்தான் போறேன்.”

அவர் மகளைக் கூப்பிட்டார். வண்டி கிளம்பியது. சத்தமே இல்லாததால் போய்விட்டதா இல்லையா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மறுநாள் அவன் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவருக்கு அதற்கு முன்பே போன் வந்திருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று என் தம்பி சொன்னான். எனக்கு என்ன கோபம்னா, என்கிட்ட மறைச்சியே என்றாராம். கண்ணாடி அறையைப் பற்றி இவன் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: அந்தம்மா நாலு பேருக்குச் சொன்ன பிறகு உன்னை அங்கே உட்கார வைத்தால் எவன் உள்ளே வருவான். சாவியை வாங்கிக்கொண்டார். கேலி செய்தவர்கள் எல்லாம் வாசல்வரை வந்தார்கள், யாருக்கும் கேலி வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான் போனோம். அதிர்வு உள்ள எதையும் தொடக்கூடாது என்றார்கள். கையைக் குளிரில் வைத்துக்கொள்ளக்கூடாது என்றார்கள். போன உணர்ச்சி திரும்புமா என்று நான் கேட்டதற்கு, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அவன் இப்போது ஒரு பார்சல் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, லாரி வந்தால் ஒரு பொத்தானை அழுத்தித் தடுப்பைத் தூக்குகிறான். பொத்தான் அழுந்தியதா என்பதைத் தடுப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். சட்டைப் பித்தான்களை நான் போட்டுவிடுகிறேன். முதலில் கூச்சப்பட்டான், இப்போது வந்து நிற்கிறான்.

போன விடுமுறையன்று, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பழைய முதலாளி கூப்பிட்டார். போனை நான் அவன் காதில் ஒட்டிப் பிடித்தேன். கண்ணாடி அறைக்கு ஒரு மின்சார வண்டி வந்திருக்கிறது, போன தடவையதைவிடக் கனம், வந்தவர் ஒரு டிசைன் கேட்கிறார், போடலாமா என்று கேட்டார். என் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். பின்பக்கத்து எண்ணைப் படிக்கச் சொன்னான். டயரின் எண்ணைக் கேட்டான். அகலம் வேண்டாம் என்றான், ஏன் வேண்டாம் என்றும் சொன்னான். குரல் பழையபடி இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரிப்பா, நல்லா இருக்கியா என்றார்.

“யார் மாட்டப் போறாங்க முதலாளி?”

புதிதாக ஒருவன் வந்திருக்கிறான், வேகமானவன் என்றார்.

“வளையத்தை விரலால ஒரு சுத்து பார்க்கச் சொல்லுங்க. கையுறையைக் கழட்டிட்டு.”

சரி சரி என்று வைத்துவிட்டார். என் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தபடி அப்படியே இருந்தான். அவன் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, சூடான டீ விரல்கள் மேல் வழிந்துகொண்டிருந்தது. அது மணிக்கட்டைத் தொட்ட பிறகுதான் குனிந்து பார்த்தான்.